தெரியாததற்கு ஒரு பெயர் வைப்போம்



மாலை வேளை. வேலை முடிந்து வந்து, குளித்துவிட்டுச் சற்றே ஓய்ந்து உட்காரும் நேரம். வீட்டில் பிள்ளை கணக்குப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டிருக்கிறது. கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் எல்லாவற்றையும் மளமளவென்று போட்டு முடித்துவிட்டது. பக்கத்தின் அடியில் நான்கு வரிகளில் ஒரு பிரச்சினைக் கணக்கு. அந்த இடத்தில் பென்சில் நின்றுவிட்டது.

"அப்பா, இது எனக்கு வரலைப்பா."

"எனக்கு மட்டும் என்னம்மா தெரியும்? நாளைக்கு வாத்தியாரைக் கேட்டுக்கோ."

நம் வீடுகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. தகப்பனார் சொன்ன பதிலில் பொய் இல்லை. ஆனால் அந்தப் பதிலைக் கேட்டுக் கேட்டு வளரும் பிள்ளை, "கணக்கு என்பது நம் குடும்பத்துக்கு வராத ஒன்று" என்று முடிவு கட்டிவிடுகிறது. அந்த முடிவு இடைநிலைப் பள்ளியிலும் கூடவே போகிறது. பிறகு தொழிற்பயிற்சிக்கோ மேற்படிப்புக்கோ போக வேண்டிய வேளையில் அதுவே கதவை அடைத்துக்கொண்டு நிற்கிறது. ஆகவே, அந்தப் பதிலை மாற்ற முடியுமா என்று இன்று பார்ப்போம். பிள்ளைகளையும் பக்கத்தில் அழைத்துக்கொள்ளுங்கள். ஒரு தாளும் பென்சிலும் இருக்கட்டும்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். பிரச்சினைக் கணக்கில் தடுமாறும் பிள்ளைக்குப் பெரும்பாலும் எண்களில் தடுமாற்றம் இல்லை, வாக்கியத்தில்தான் தடுமாற்றம். தமிழ்ப் பள்ளியில் நீளம், அகலம், சுற்றளவு, பரப்பளவு என்று படித்த பிள்ளை, இடைநிலைப் பள்ளிக்குப் போனதும் பஞ்சாங், லேபார், பெரிமிட்டர், லுவாஸ் என்று கேட்கிறது. சொற்கள் மாறிவிட்டன. ஆனால் வேலி மாறவில்லை, நிலம் மாறவில்லை. வாக்கியத்தை வேலியாகவும் நிலமாகவும் மாற்றிப் பார்க்கத் தெரிந்த பிள்ளைக்கு எந்த மொழியில் கேள்வி வந்தாலும் பயமில்லை.

அப்படி மாற்றுவதற்கு மூன்று கேள்விகள் போதும்.

ஒன்று: நமக்கு என்ன தெரியும்?
இரண்டு: நமக்கு என்ன தெரியாது?
மூன்று: எது எதற்குச் சமம்?

இந்த மூன்று கேள்விகளைக் கேட்பதற்குப் பெற்றோர் கணக்கில் பட்டம் பெற்றிருக்க வேண்டியதில்லை. மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவர்களும் கேட்கலாம். பள்ளிக்கே போகாத பாட்டியும் கேட்கலாம். முன்பு பார்த்த அதே வீட்டுக்குத் திரும்புவோம். புத்தகத்தில் உள்ள கேள்வி இதுதான்:

"ஒரு செவ்வகத் தோட்டத்தைச் சுற்றி வேலி போட 36 மீட்டர் கம்பி தேவைப்பட்டது. தோட்டத்தின் நீளம் அதன் அகலத்தைப் போல் இரண்டு மடங்கு. நீளம், அகலம் என்ன?"

தகப்பனார் இப்போது வேறு விதமாகப் பேசுகிறார்.

"சரிம்மா, அதில் என்ன தெரியும்?"

"கம்பி 36 மீட்டர்ப்பா."

"என்ன தெரியாது?"

"நீளமும் தெரியாது, அகலமும் தெரியாது."

"இரண்டுமா தெரியாது? நீளம் அகலத்தைப் போல் இரண்டு மடங்கு என்று நீதானே படித்தாய்? அகலம் கிடைத்துவிட்டால் நீளம் தானாகக் கிடைத்துவிடாதா?"

பிள்ளையின் முகத்தில் வெளிச்சம் வருகிறது. தெரியாதவை இரண்டு என்று நினைத்தோம். உண்மையில் தெரியாதது ஒன்றுதான். அந்த ஒன்றுக்கு ஒரு பெயர் வைத்துவிடலாம். அகலம் என்பதால் "அ" என்றே வைப்போம். பள்ளிப் புத்தகத்தில் எக்ஸ் என்று போட்டிருப்பார்கள். அந்த எழுத்தில் எந்த மந்திரமும் இல்லை. வேறு எந்த எழுத்தை வைத்தாலும் கணக்கு நடக்கும்.

அகலம் அ. அப்படியானால் நீளம் 2அ. வேலியைச் சுற்றி நடந்து பார்ப்போம். ஓர் அகலம், ஒரு நீளம், மறுபடி ஓர் அகலம், மறுபடி ஒரு நீளம்.

அ + 2அ + அ + 2அ = 36
6அ = 36
அ = 6

அகலம் 6 மீட்டர். நீளம் 12 மீட்டர். இதோடு எழுந்துவிடக் கூடாது. மறுபடியும் வேலியைச் சுற்றி வர வேண்டும். 6, 12, 6, 12, கூட்டினால் 36. கணக்கு சரி.

பல பிள்ளைகள் இங்கே ஒரு தவறு செய்வார்கள். "ஒரு பங்கு அகலம், இரண்டு பங்கு நீளம், மொத்தம் மூன்று பங்கு" என்று 36ஐ மூன்றால் வகுத்து, அகலம் 12 என்று எழுதிவிடுவார்கள். செவ்வகத்துக்கு நான்கு பக்கம் என்பது அவர்களுக்குத் தெரியாததல்ல. படம் போடாததால் மறந்துவிடுகிறது. விடையைச் சரிபார்த்தால் பிழை தானே தெரியும்: 12, 24, 12, 24 என்று கூட்டினால் 72 மீட்டர். கையில் இருப்பதோ 36 மீட்டர் கம்பிதான். ஆகையால், படம் போடுவது முதல் வேலை, சரிபார்ப்பது கடைசி வேலை என்று பிள்ளைகளுக்குப் பழக்குங்கள்.

தெரியாத ஒன்றுக்குப் பெயர் வைத்து, அதைத் தெரிந்ததைப் போலவே கூட்டிக் கழிக்கும் இந்த முறைக்கு இயற்கணிதம் என்று பெயர். மலாய்மொழியில் இதை அல்ஜீப்ரா என்பார்கள். கி.பி. 9ஆம் நூற்றாண்டில் பாக்தாத் நகரில் வாழ்ந்த அல் குவாரிஸ்மி என்னும் அறிஞர் எழுதிய நூலின் தலைப்பிலிருந்து வந்த சொல் அது. அவர் அந்த நூலை எதற்காக எழுதினார் தெரியுமா? சொத்துப் பங்கீடு, வழக்கு, வியாபாரம், நிலம் அளத்தல், வாய்க்கால் வெட்டுதல் ஆகியவற்றில் மக்களுக்குப் பயன்படட்டும் என்றுதான். அந்த நூலில் எக்ஸ் என்ற எழுத்தும் இல்லை, கூட்டல் குறியும் இல்லை. எல்லாவற்றையும் சொற்களாலேயே எழுதினார். தெரியாததை "பொருள்" என்று சொன்னார். இன்று நாம் படிக்கும் முறையில் எக்ஸ் முதலிய எழுத்துகளைத் தெரியாதவற்றுக்கு வைத்தவர் பிரெஞ்சு அறிஞர் டெக்கார்ட். அவருடைய வடிவியல் நூல் 1637ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஆக, இயற்கணிதம் பேச்சில் பிறந்தது. எழுத்து பிறகு வந்தது. வானொலியில் வாயால் சொல்லியே இதை விளக்க நாம் துணிவதற்கும் அதுதான் காரணம்.

இப்போது அதே 36 மீட்டர் கம்பியை வைத்துக்கொண்டு கேள்வியைச் சற்றே மாற்றுவோம். நீளம், அகலத்தைவிட 4 மீட்டர் கூடுதல். நீளம், அகலம் என்ன?

"இரண்டு மடங்கு" என்பதும் "4 மீட்டர் கூடுதல்" என்பதும் ஒன்றல்ல. முதலாவது பெருக்கல், இரண்டாவது கூட்டல். பிள்ளைகள் குழம்பும் இடங்களில் இது முக்கியமானது. அகலம் அ என்றால், நீளம் அ + 4. முழுச் சுற்றில் இரண்டு நீளமும் இரண்டு அகலமும் உண்டு. பாதிச் சுற்றில் ஒரு நீளமும் ஓர் அகலமும் உண்டு. 36இல் பாதி 18.

அ + அ + 4 = 18
2அ = 14
அ = 7

அகலம் 7 மீட்டர். நீளம் 11 மீட்டர். சுற்றி வாருங்கள்: 7, 11, 7, 11. மொத்தம் 36.

இனி ஒரு வேடிக்கையைப் பார்ப்போம். இரண்டு தோட்டத்துக்கும் கம்பி ஒரே அளவு. நிலமும் ஒரே அளவா? பரப்பளவைக் கணக்கிடுவோம். முதல் தோட்டம் 6 பெருக்கல் 12, அதாவது 72 சதுர மீட்டர். இரண்டாவது 7 பெருக்கல் 11, அதாவது 77 சதுர மீட்டர். நான்கு பக்கமும் சமமாக 9 மீட்டர் வைத்துச் சதுரமாக வேலி போட்டால் 81 சதுர மீட்டர். அகலம் 2, நீளம் 16 என்று ஒடுக்கமாகப் போட்டாலோ வெறும் 32 சதுர மீட்டர்தான். கம்பிக்குக் கொடுத்த பணம் ஒன்று. கிடைத்த நிலம் வேறு வேறு.

இது வெறும் பள்ளிக்கூட வேடிக்கை அன்று. கி.பி. 5ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க அறிஞர் புரோக்ளஸ், யூக்ளிடின் வடிவியல் நூலுக்கு எழுதிய உரையில் இதைப் பற்றிப் பேசுகிறார். நிலத்தைப் பங்கிடும்போது, சுற்றளவு நீளமாக இருப்பதைக் காட்டிப் பங்காளிகளை ஏமாற்றியவர்கள் இருந்தார்கள் என்கிறார். சுற்றளவு பெரிது என்றால் நிலமும் பெரிது என்று மக்கள் நம்பியதுதான் அதற்குக் காரணம்.

இந்த நம்பிக்கை இன்றும் முற்றாகப் போய்விடவில்லை. தோட்டத்தை விட்டு வெளியேறிச் சொந்தமாக ஒரு மனை வாங்க நினைக்கும் குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். இரண்டு மனைகளைக் காட்டுகிறார்கள். இரண்டுக்கும் சுற்றளவு 72 மீட்டர். ஒன்று நான்கு பக்கமும் 18 மீட்டர். மற்றொன்று 30 மீட்டர் நீளமும் 6 மீட்டர் அகலமும் கொண்டது. முதல் மனை 324 சதுர மீட்டர். இரண்டாவது 180 சதுர மீட்டர். சுற்றி நடந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒரே தூரம்தான். ஆயுள் முழுதும் உழைத்துச் சேர்த்த பணத்தைக் கொடுக்கும் முன், நீளத்தையும் அகலத்தையும் பெருக்கிப் பார்க்கும் ஒரு பிள்ளை வீட்டில் இருப்பது எவ்வளவு பெரிய துணை!

சதுரம் ஏன் முந்திக்கொள்கிறது? இதற்கும் இயற்கணிதம் பதில் சொல்லும். மறுபடியும் 36 மீட்டர் கம்பிக்கு வருவோம். பாதிச் சுற்று 18. சதுரமாக இருந்தால் நீளம் 9, அகலம் 9. சதுரம் இல்லையென்றால், நீளம் எவ்வளவு கூடுகிறதோ, அகலம் அவ்வளவு குறைய வேண்டும். அந்தக் கூடுதல் குறைவுக்கு "க" என்று பெயர் வைப்போம். நீளம் 9 + க. அகலம் 9 − க. இரண்டையும் பெருக்குவோம். 9 பெருக்கல் 9 ஆக 81 வருகிறது. 9 மடங்கு க கூடுகிறது. அதே 9 மடங்கு க கழிகிறது. இரண்டும் அடிபட்டுப் போகின்றன. கடைசியில் க பெருக்கல் க கழிந்து நிற்கிறது.

பரப்பளவு = 81 − க × க

க எவ்வளவாக இருந்தாலும், அதை அதனாலேயே பெருக்கி 81இலிருந்து கழிக்கிறோம். ஆகவே 81ஐத் தாண்டவே முடியாது. சதுரத்தை விட்டு விலக விலக நிலம் குறைந்துகொண்டே போகும். ஒரே வரியில் எல்லாச் செவ்வகங்களையும் பார்த்துவிட்டோம். ஒவ்வொன்றாக அளந்து பார்த்துக்கொண்டிருந்தால் இதற்கு ஆயுள் போதாது.

இந்த வரியைத் திருப்பியும் பயன்படுத்தலாம். "கம்பி 36 மீட்டர், பரப்பளவு 72 சதுர மீட்டர், பக்கங்கள் என்ன?" என்று ஒரு கேள்வி வந்தால் பெரிய வகுப்புப் பிள்ளைகளும் திகைப்பார்கள். நாம் திகைக்க வேண்டியதில்லை. 81இலிருந்து எதைக் கழித்தால் 72? 9ஐக் கழித்தால். எந்த எண்ணை அதனாலேயே பெருக்கினால் 9? 3. ஆகவே நீளம் 12, அகலம் 6. நாம் முதலில் பார்த்த தோட்டமே திரும்ப வந்துவிட்டது.

தாய்மார்களுக்கு ஒரு கேள்வி. உங்கள் காய்கறிப் பாத்திக்கு ஒரு பக்கத்தில் ஏற்கெனவே நீண்ட சுவர் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பக்கத்துக்குக் கம்பி வேண்டாம். மற்ற மூன்று பக்கங்களுக்கு மட்டும் அதே 36 மீட்டர் கம்பி. நீளம் அகலத்தைப் போல் இரண்டு மடங்கு. இப்போது சுற்றி நடந்தால் இரண்டு அகலம், ஒரே ஒரு நீளம்.

அ + 2அ + அ = 36
4அ = 36
அ = 9

அகலம் 9, நீளம் 18. பரப்பளவு 162 சதுர மீட்டர். சதுரமாகச் சுற்றி வளைத்தபோது கிடைத்த 81க்கு இது சரியாக இரண்டு மடங்கு! அகலத்தை 8 ஆக்கினால் நீளம் 20, நிலம் 160. அகலத்தை 10 ஆக்கினால் நீளம் 16, நிலம் மறுபடியும் 160. எப்படி மாற்றினாலும் 162ஐ மிஞ்ச முடியுமா என்று பிள்ளைகள் போட்டுப் பார்க்கட்டும்.

நேயர்களே, கணக்கு புத்தகத்துக்குள் மட்டும் இருப்பதில்லை. நாம் நாள்தோறும் நடக்கும் நிரைகளிலும் இருக்கிறது. இந்நாட்டில் செம்பனையை வாணிகப் பயிராக முதன்முதலில் நட்டது 1917ஆம் ஆண்டில், சிலாங்கூரில் உள்ள தென்னமரம் தோட்டத்தில். ஒரு காலத்தில் கித்தா மரங்கள் நின்ற பல தோட்டங்களில் இன்று செம்பனை நிற்கிறது. அந்த மரங்கள் நிற்கும் விதத்தைக் கவனித்திருப்பீர்கள். சதுரம் சதுரமாக அல்ல, முக்கோணமாக நட்டிருப்பார்கள். எந்த மரத்திலிருந்து பார்த்தாலும் அக்கம்பக்கத்து மரங்கள் ஒரே தூரத்தில் இருக்கும். 9 மீட்டர் என்பது வழக்கமான இடைவெளிகளில் ஒன்று.

மரத்துக்கு மரம் 9 மீட்டர் என்றால், ஒரு வரிசைக்கும் அடுத்த வரிசைக்கும் எத்தனை மீட்டர்? 9 என்று சொல்லத் தோன்றும், அது தவறு. மூன்று மரங்களைப் புள்ளிகளாக வைத்து முக்கோணம் வரையுங்கள். மேலே உள்ள மரத்திலிருந்து கீழே உள்ள வரிசைக்கு நேராக ஒரு கோடு இறக்குங்கள். அந்தக் கோடு கீழே உள்ள 9 மீட்டரைச் சரிபாதியாக, 4.5 மீட்டராக வெட்டும். அந்தக் கோட்டின் நீளம்தான் நமக்குத் தெரியாதது. உயரம் என்பதால் "உ" என்று பெயர் வைப்போம். இப்போது ஒரு செங்கோண முக்கோணம் கிடைத்துவிட்டது. அதில் சாய்ந்த பக்கத்தை அதனாலேயே பெருக்கினால் வரும் எண், மற்ற இரண்டு பக்கங்களையும் அப்படியே பெருக்கிக் கூட்டினால் வரும் எண்ணுக்குச் சமம். இது இடைநிலைப் பள்ளியில் படிக்கும் பைத்தாகரஸ் விதி.

உ × உ + 4.5 × 4.5 = 9 × 9
உ × உ + 20.25 = 81
உ × உ = 60.75

7.8ஐ 7.8ஆல் பெருக்கினால் 60.84 வரும். ஆகவே வரிசைக்கு வரிசை ஏறக்குறைய 7.8 மீட்டர். ஒரு மரத்துக்கு உரிய நிலம் 9 பெருக்கல் 7.8, அதாவது 70.2 சதுர மீட்டர். ஓர் எக்டர் என்பது 10,000 சதுர மீட்டர். வகுத்துப் பார்த்தால் எக்டருக்கு ஏறக்குறைய 142 மரங்கள். அதே 9 மீட்டர் இடைவெளியில் சதுரமாக நட்டிருந்தால் மரத்துக்கு 81 சதுர மீட்டர். எக்டருக்கு 123 மரங்கள்தான். இடைவெளி குறையாமலே எக்டருக்கு 19 மரங்கள் கூடுதல். வேலியில் சதுரம் வென்றது. நடவில் முக்கோணம் வெல்கிறது. கேள்வி மாறினால் விடையும் மாறும். அதனால்தான் விடைகளை மனப்பாடம் செய்வதில் பயனில்லை. கேள்வியைப் படிக்கப் பழக வேண்டும்.

பெற்றோர்களே, இன்றுமுதல் "எனக்கு என்ன தெரியும், வாத்தியாரைக் கேள்" என்ற பதிலைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். அதற்குப் பதிலாக, "படம் போட்டாயா? என்ன தெரியும்? என்ன தெரியாது? எது எதற்குச் சமம்?" என்று கேளுங்கள். விடை வந்த பிறகு, "சரிபார்த்தாயா?" என்று கேளுங்கள். விடை உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம்; குற்றமில்லை. பிள்ளை உங்களுக்கு விளக்கிச் சொல்லும்போதே பாதி வழி அதற்குத் தெளிந்துவிடும். அதற்குப் பிறகும் வராவிட்டால் ஆசிரியரிடம் போகட்டும். அப்போது "எனக்கு எதுவும் வரவில்லை" என்று போகாது. "இந்த இடத்தில் நின்றுவிட்டேன்" என்று போகும்.

விடைபெறும் முன் ஒரு கணக்கு. பாஸ்கராச்சாரியார் 1150ஆம் ஆண்டில் இயற்றிய லீலாவதி என்னும் கணித நூலில் உள்ள கணக்கு இது. சமதரையில் 32 முழம் உயரமுள்ள ஒரு மூங்கில் நிற்கிறது. காற்றில் ஓர் இடத்தில் முறிந்து சாய்கிறது. அதன் நுனி, அடியிலிருந்து 16 முழ தூரத்தில் தரையைத் தொடுகிறது. மூங்கில் எத்தனை முழ உயரத்தில் முறிந்தது?

நிற்கும் பகுதி தெரியாது. அதற்கு "அ" என்று பெயர் வையுங்கள். சாய்ந்த பகுதி 32 − அ. தரையில் 16. செம்பனைக் கணக்கில் பார்த்த அதே விதிதான். விடையையும் நாமே சொல்லிவிடுகிறோம்: 12 முழம். வழியைக் கண்டுபிடிப்பது பிள்ளைகளின் வேலை. பக்கத்தில் உட்கார்ந்து மூன்று கேள்விகளைக் கேட்பது பெற்றோரின் வேலை.